சுவர் மறைத்தாலும் எஞ்சின் வரைகிறது: கேம் மேப்பில் பார்வையும் வேகமும்

மேப் முழுக்க நன்றாக ஓடுகிறது, குறிப்பிட்ட ஒரு சந்துக்குள் நுழைந்தால் மட்டும் ஃபிரேம் (வினாடிக்கு வரையப்படும் படங்களின் எண்ணிக்கை) விழுகிறது. இப்படிக் கேட்பவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், "டெக்ஸ்சரைக் குறை, மாடலைக் குறை". பல நேரம் அது நோய் ஒரு பக்கம் இருக்க மருந்தை வேறு பக்கம் தடவுவதுதான். அந்தச் சந்தில் கண்ணுக்குத் தெரிவது இரண்டு சுவரும் நாலு பெட்டியும். சுவருக்கு அப்பால் இருக்கும் மூன்று அறைகளையும் ஒரு முற்றத்தையும் கேமை இயக்கும் மென்பொருளான எஞ்சின் அதே ஃபிரேமில் சேர்த்து வரைந்துகொண்டிருக்கும். அதை நிறுத்தும் வழி மேப்பின் தரைப்படத்தில் இருக்கிறது. எங்கே வளைவு, எந்தச் சுவர் கூரை வரை போகிறது, எந்தக் கதவு மூடுகிறது என்பதையெல்லாம் முடிவு செய்யும்போதே வேகத்தின் பெரும்பகுதி தீர்மானமாகிவிடுகிறது.

முதலில் அளவைச் சரியாகப் பிடிக்க வேண்டும். வினாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.67 மில்லிவினாடி. 144 ஃபிரேம் என்றால் 6.94. எஃப்பிஎஸ் (வினாடிக்கான ஃபிரேம்) எண்ணை மட்டும் பார்த்துப் பேசினால் ஏமாந்துபோவோம். 200-இலிருந்து 150-க்கு இறங்கினால் பெரிய இழப்பாகத் தெரியும். ஆனால் ஒரு ஃபிரேமுக்குக் கூடியது 1.67 மில்லிவினாடிதான். 60-இலிருந்து 50-க்கு இறங்குவது அற்பமாகத் தெரியும்; அங்கே கூடியது 3.33 மில்லிவினாடி, முந்தையதைப் போல இரு மடங்கு. அதனால் மேப்பில் ஒரு பொருளைச் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் மில்லிவினாடியில் குறித்துக்கொள்வதே சரி.

அந்த நேரத்தை யார் தின்கிறார் என்பது அடுத்த கேள்வி. திரையின் ரெசல்யூஷனைப் பாதியாக்கிப் பாருங்கள். ஃபிரேம் எகிறினால் கிராஃபிக்ஸ் அட்டை பிக்சல் வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது: கண்ணாடி, புகை, இலை அடர்த்தி, கனமான ஷேடர் (பிக்சலின் நிறத்தைக் கணக்கிடும் நிரல்) போன்றவை. ஃபிரேம் அசையவே இல்லை என்றால் சிக்கல் பெரும்பாலும் பிராசசர் பக்கம். அதாவது டிரா கால் (ஒரு பொருளை வரையச் சொல்லி பிராசசர் கிராஃபிக்ஸ் அட்டைக்கு அனுப்பும் கட்டளை) எண்ணிக்கை, இயற்பியல் கணக்கு, கேம் தர்க்கம். மேப்பின் பார்வை அமைப்பு சரியில்லாவிட்டால் அடி இரண்டு பக்கமும் விழும் என்றாலும் முதலில் வலிப்பது பிராசசருக்குத்தான், ஏனென்றால் மறைந்திருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு டிரா கால் போகிறது. இந்தச் சோதனையைச் செய்யும்போது ஃபிரேமைத் திரையின் வேகத்தோடு பூட்டும் வி-சிங்க்கை அணைக்க மறக்கக் கூடாது.

எஞ்சின் எதை விட்டுவிடுகிறது?

எல்லா எஞ்சினிலும் இருக்கும் முதல் வடிகட்டி கேமராவின் பார்வைக் கூம்பு. கூம்புக்கு வெளியே, முதுகுக்குப் பின்னால் இருப்பது விலக்கப்படும். இதற்குச் சுவர் என்பதே தெரியாது. கூம்புக்குள் இருந்தால் பத்துச் சுவருக்கு அப்பால் இருப்பதும் உள்ளேதான். கடைசி வடிகட்டி ஆழச் சோதனை. முன்னால் ஏற்கனவே ஒன்று வரையப்பட்டிருந்தால் பின்னால் வரும் பிக்சலை அது தள்ளிவிடும். ஆனால் அதற்குள் டிரா கால் போய்விட்டது, முக்கோணங்களின் முனைகள் எல்லாம் கணக்கிடப்பட்டுவிட்டன. திரையில் தெரியாவிட்டாலும் செலவு செலவுதான்.

இந்த இரண்டுக்கும் நடுவே மேப் வடிவமைப்பாளரின் கைக்குள் வருவது, எங்கிருந்து எது தெரியக்கூடும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கும் முறை. அடர்ந்த கட்டட அமைப்புகளுக்கான இந்தக் கணக்கை சேத் டெல்லர் 1992-இல் பெர்க்லியில் தன் முனைவர் ஆய்வில் விரிவாக எழுதினார். 1996-இல் வந்த குவேக் என்ற கேம் அதே அணுகுமுறையை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தது. குவேக்கின் வழித்தோன்றல்களும், 2004-இல் ஹாஃப்-லைஃப் 2-உடன் வந்த சோர்ஸ் எஞ்சினும் இன்றுவரை இதன்மேல்தான் நிற்கின்றன. கீழே உள்ளவை பெரும்பாலும் சோர்ஸின் சொற்களில் இருக்கின்றன. அடிப்படைத் தர்க்கம் மற்ற எஞ்சின்களுக்கும் ஒத்துப்போகும்.

கம்பைல் செய்யும்போது, அதாவது எடிட்டரில் கட்டிய மேப்பை எஞ்சின் படிக்கும் கோப்பாக மாற்றும்போது, மேப்பின் வெற்றிடம் குழிவில்லாத துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு லீஃப். அடுத்தடுத்த இரண்டு லீஃப்களுக்கு நடுவே இருக்கும் திறப்பு ஒரு போர்ட்டல். பிறகு விவிஸ் என்ற நிரல் ஒவ்வொரு லீஃபிலிருந்தும் போர்ட்டல் வழியாகப் போர்ட்டலுக்கு நேர்கோடு போகுமா என்று பார்த்து, தெரியக்கூடிய லீஃப்களின் பட்டியலை எழுதிவைக்கிறது. இதுதான் பிவிஎஸ். பட்டியல் ஒரு லீஃபுக்கு ஒரு பிட் வீதம்: 4,000 லீஃப் உள்ள மேப்பில் 4,000 பட்டியல், ஒவ்வொன்றும் 500 பைட், மொத்தம் 20 லட்சம் பைட். பெரும்பாலும் பூஜ்யமாகவே இருப்பதால் நன்றாகச் சுருங்கிவிடும். விளையாடும்போது எஞ்சின் செய்வது, ஆட்டக்காரர் எந்த லீஃபில் நிற்கிறார் என்று கண்டுபிடித்துப் பட்டியலைப் புரட்டுவது மட்டுமே.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கேள்வி "ஆட்டக்காரர் நிற்கும் புள்ளியிலிருந்து தெரிகிறதா" என்பதல்ல. "அவர் நிற்கும் லீஃபின் ஏதாவது ஒரு மூலையிலிருந்து, இன்னொரு லீஃபின் ஏதாவது ஒரு மூலை தெரியுமா" என்பது. ஆம் என்றால் அந்த லீஃப் முழுவதும், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொரு பொருளும் வரையும் பட்டியலில் ஏறும். லீஃப் பெரிதாக இருந்தால் அதன் மூலைகள் தொலைவில் இருக்கும், பார்வையும் அதற்கேற்ப விரியும்.

ஒரு வளைவின் கணக்கு

ஒரு நடைபாதை, 128 யூனிட் (எடிட்டரின் நீள அளவு) அகலம், எல் வடிவில் ஒரு முறை திரும்புகிறது. ஒரு முனையில் அறை அ, மறுமுனையில் அறை ஆ. கதவுகள் நடைபாதையின் முழு அகலத்துக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அ-வின் கதவிலிருந்து ஆ-வின் கதவுக்கு நேர்கோடு போகுமா? உள்மூலையிலிருந்து இரண்டு கைகளின் நீளத்தையும் அளந்து பெருக்குங்கள். அந்தப் பெருக்கல் அகலத்தின் வர்க்கத்தைவிடப் பெரிதாக இருந்தால் பார்வை அடைபடும். 128-இன் வர்க்கம் 16,384. கைகள் 96, 160 என்றால் பெருக்கல் 15,360. மூலையை உரசிக்கொண்டு ஒரு கோடு போய்விடும், இரண்டு அறையும் ஒன்றையொன்று வரையும். இரண்டு கையும் 192 என்றால் 36,864, அறைகள் பிரிந்துவிட்டன. நடைபாதையை அகலமாக்கும்போது இது வர்க்கத்தில் மாறும் என்பதைக் கவனிக்க வேண்டும். விளையாட்டில் நெருக்கடியாக இருக்கிறது என்று 128-ஐ 256 ஆக்கினால் தேவைப்படும் பெருக்கல் நான்கு மடங்காகி 65,536-க்குப் போகிறது. 192-க்கு 192 அப்போது போதாது.

அறைகள் பிரிந்தாலும் வேலை முடியவில்லை. முதல் கை முழுவதும் ஒரே லீஃபாக இருந்தால், அதன் வளைவுப் பக்க நுனியிலிருந்து ஆ தெரியும். எனவே ஆட்டக்காரர் அ-வின் கதவைத் தாண்டிய முதல் அடியிலேயே, இன்னும் எதுவும் தெரியாத நிலையிலும், ஆ-வின் பொருட்களும் ஏறிக்கொள்கின்றன. ஹின்ட் பிரஷ் தேவைப்படுவது இங்கே (பிரஷ் என்பது எடிட்டரில் மேப்பைக் கட்டும் கட்டி). கண்ணுக்குத் தெரியாத இந்தப் பிரஷ் எதையும் மறைக்காது. லீஃபை நாம் சொல்லும் இடத்தில் வெட்ட வைக்கும், அவ்வளவுதான். எங்கே வெட்டுவது என்பதற்கும் மேலே உள்ள கணக்கே பதில்: எதிர்க்கையின் நீளம் 192 என்றால் 16,384-ஐ 192-ஆல் வகுத்தால் சுமார் 85. உள்மூலைக்கு 96 யூனிட் முன்னால், நடைபாதைக்குக் குறுக்காக, சுவருக்குச் சுவர், தரைக்குக் கூரை ஒரு ஹின்ட் முகம் வையுங்கள். அந்தப் பிரஷின் மற்ற முகங்களுக்கு, வெட்டு எதையும் உண்டாக்காத ஸ்கிப் டெக்ஸ்சர். இனி வெட்டுக்கு அ பக்கமுள்ள லீஃபிலிருந்து ஆ-வின் கதவு தெரியாது. மறு கையிலும் அதேபோல் ஒன்று.

வளைவின் மூலையில் நிற்பவருக்கு இரண்டு கதவும் தெரியத்தான் செய்யும். ஒரு வளைவால் அதைத் தவிர்க்க முடியாது. இரண்டு அறையும் கனமானவை என்றால் இரண்டு முறை வளையும் பாதை போடுங்கள். நடுக்கை போதிய நீளமாக இருந்தால், எந்த இடத்தில் நின்றாலும் ஒரு பக்கத்துச் சுமை மட்டும்தான்.

திறந்தவெளியில் இதே சிக்கல் தலைக்கு மேலே வருகிறது. நடுவில் ஒரு கட்டடம், இருபுறமும் தெரு, மேலே உயரமான வானம். சுவரின் தளத்தில் முதலில் வெட்டு விழுந்தால், தெருவின் லீஃப் தரையிலிருந்து வானம் வரை நெட்டையாக நிற்கும். அதன் உச்சியிலிருந்து கூரைக்கு மேலாக அடுத்த தெரு லீஃபின் உச்சி தெரியும். ஆகவே இரண்டு தெருவும் ஒன்றையொன்று வரையும். கட்டடத்தின் கூரை மட்டத்தில் மேப்பின் குறுக்கே படுக்கையாக ஒரு ஹின்ட் வைத்தால் கீழ் லீஃபும் மேல் லீஃபும் தனித்தனி. கீழே இருக்கும் இரண்டு லீஃபுக்கு நடுவே இழுக்கும் எந்தக் கோடும் கூரை மட்டத்தைத் தாண்டாது, கட்டடம் அதை மறித்துவிடும். பக்கவாட்டில் சந்து இல்லாமல் கட்டடம் முழு அகலத்துக்கும் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பலகணி, மாடி என்று மேலே ஏறும் வழி வைத்திருந்தால் அங்கே நிற்பவர் மேல் லீஃபில் இருப்பார், எல்லாம் வரையப்படும். அந்த மாடியை எவ்வளவு உயரத்தில் வைக்கலாம் என்பது அப்போது ஆட்ட முடிவு மட்டுமல்ல, ஃபிரேம் முடிவும் கூட.

எது மறைக்கும், எது மறைக்காது

மறைப்பது உலகப் பிரஷ், அதாவது வேறெதுவாகவும் மாற்றாத சாதாரணப் பிரஷ் மட்டும். ஃபங்க்-டீட்டெய்ல் (வெற்றிடத்தை வெட்டாத நுணுக்க வேலை) ஆக்கிய பிரஷ், மேடுபள்ளமாக வளைக்கும் டிஸ்ப்ளேஸ்மென்ட் நிலப்பரப்பு, மாடல், நகரும் கதவு, கண்ணாடி ஆகிய எதுவும் பிவிஎஸ் கணக்கில் சுவர் ஆகாது. டிஸ்ப்ளேஸ்மென்டில் பெரிய குன்றை எழுப்பி, அது பின்னாலிருப்பதை மறைக்கும் என்று நம்புவது மிகப் பரவலான தவறு. குன்றின் வயிற்றுக்குள், திரையில் வரையப்படாத நோடிரா டெக்ஸ்சர் போட்ட உலகப் பிரஷை நிரப்பினால்தான் அது மறைப்பாக வேலை செய்யும். பாறை மாடலால் ஆன சுவருக்கும் இதே வைத்தியம்.

எதிர்த்திசைத் தவறும் உண்டு: எல்லாவற்றையும் உலகப் பிரஷாக விடுவது. 16 பக்கம் உள்ள ஒரு தூணை அறை நடுவே உலகப் பிரஷாக வைத்தால், அதன் ஒவ்வொரு பக்கமும் வெற்றிடத்தை ஒரு முறை வெட்டும். ஒரு தூணைச் சுற்றியே குறைந்தது 16 லீஃப். நாலு தூண் என்றால் ஒன்றின் வெட்டு அடுத்ததன் துண்டுகளையும் கிழிக்கும். இத்தனை லீஃபும் எதையும் மறைக்கவில்லை, ஏனென்றால் ஒல்லித் தூணுக்குப் பின்னால் எந்த லீஃபும் முழுதாக ஒளியாது. லாபம் பூஜ்யம், விவிஸ் ஓடும் நேரம் மட்டும் நிமிடங்களிலிருந்து மணிகளுக்குப் போகும். தூண், படிக்கட்டு, ஜன்னல் சட்டம், கூரை உத்தரம் எல்லாம் ஃபங்க்-டீட்டெய்ல். அறையின் தரை, கூரை, நான்கு சுவர் மட்டும் உலகப் பிரஷ், அதுவும் முடிந்தவரை 64, 128 என்ற கட்டத்தில். சுவரைச் சில டிகிரி சாய்த்துவிட்டால் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் இருக்காது. வெட்டுகள் மட்டும் கோணலாகச் சிதறும். இதற்கு மேல் 1,024 யூனிட்டுக்கு ஒரு முறை சோர்ஸ் தானாகவே வெட்டுகிறது.

ஃபங்க்-டீட்டெய்ல் மேப்பை மூடவும் செய்யாது. வெளிச்சுவர் ஒன்றை மாற்றினால் உடனே லீக். வெற்றிடம் வெளிப்புறத்தோடு கலந்துவிட்டால் பார்வைக் கணக்கே நடக்காது, எல்லா இடத்திலிருந்தும் எல்லாமும் வரையப்படும். லீக் கோப்பை எடிட்டரில் ஏற்றினால் ஒரு சிவப்புக் கோடு மேப்புக்குள் இருக்கும் ஏதோ ஓர் என்டிட்டியிலிருந்து (ஆட்டக்காரர், விளக்கு, கதவு போன்ற ஒன்று) ஓட்டை வழியாக வெளியே போகும். கோடு சுவரைத் தாண்டும் இடம்தான் ஓட்டை. அதைத் தேடச் சோம்பல்பட்டு மொத்த மேப்பையும் ஒரு பெரிய வானப் பெட்டிக்குள் அடைப்பவர்கள் இருக்கிறார்கள். லீக் போய்விடும். கூடவே, யாரும் பார்க்கப்போகாத வெளிப்புற முகங்கள் எல்லாம் ஒளிக்கணக்கில் சேரும், கூரைகளுக்கு மேலாகப் பார்வை தாராளமாகப் பாயும். இதைவிட மோசமான ஒரு திருத்தம் கிடையாது.

மூடும் கதவுகளுக்கு, மேப்பைப் பகுதிகளாகப் பிரிக்கும் ஏரியாபோர்ட்டல். கதவோடு இணைத்தால், கதவு மூடியிருக்கும்போது அப்பால் உள்ள பகுதி முற்றாக விலகும். திறந்திருக்கும்போதும் கதவின் திறப்பளவுக்குப் பார்வைக் கூம்பு நறுக்கப்படும். நிபந்தனை ஒன்றுதான், ஆனால் கறாரானது: இரண்டு பகுதிக்கும் நடுவே இருக்கும் ஒவ்வொரு திறப்பும் ஏரியாபோர்ட்டலால் அடைபட வேண்டும். கதவுக்கு வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு ஜன்னலையோ காற்றுக் குழாயையோ மறந்தால் கம்பைல் அதைப் பிரிவாக ஏற்காது. திறந்த போர்ட்டல்களைக் கணக்கிட ஒவ்வொரு ஃபிரேமிலும் பிராசசர் நேரம் போவதால், காலியான அறைகளுக்கு இதை வைப்பது வீண். இரு பக்கமும் கனமான இடங்களுக்கு மட்டும் வையுங்கள்.

பலரும் எதிர்பார்க்காத இன்னொரு பலன் சர்வரில் இருக்கிறது. எந்த ஆட்டக்காரருக்கு எந்த என்டிட்டியின் தகவலை அனுப்புவது என்று சோர்ஸ் சர்வர் தீர்மானிப்பதும் இதே பிவிஎஸ்ஸை வைத்துத்தான். பார்வை பிரியாத மேப்பில் எல்லோருடைய இருப்பிடமும் எல்லோருக்கும் போய்க்கொண்டிருக்கும். நெட்வொர்க் சுமை கூடுவது ஒரு பக்கம். சுவருக்குப் பின்னால் இருப்பவரைக் காட்டும் ஏமாற்று நிரல்களுக்குத் தீனி போடுவது இன்னொரு பக்கம்.

மாடலும் ஒளியும்

ஒரு மாடல் தொடும் லீஃப்களில் ஏதாவது ஒன்று தெரிந்தாலே போதும், மாடல் முழுவதும் வரையப்படும். டிரா காலைக் குறைக்கிறேன் என்று தெரு முழுக்க உள்ள வேலி, விளக்குக் கம்பம், குழாய் எல்லாவற்றையும் ஒரே மெஷ் (ஒரே மாடல் வடிவம்) ஆக்கினால் டிரா கால் குறையும். ஆனால் அந்த மெஷை எங்கிருந்தும் மறைக்க முடியாமல் போகும். ஓர் அறை அல்லது தெருவின் ஒரு கண்டம் என்ற அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சின்னச் சாமான்களுக்கு மறையும் தூரம் கட்டாயம் கொடுங்கள். மேசைமேல் இருக்கும் பாட்டில் 2,000 யூனிட்டுக்கு அப்பால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

நிலையான ஒளியில் லைட்மேப் (முன்கூட்டியே கணக்கிட்டுப் பரப்பில் பதிக்கும் ஒளி-நிழல் படம்) அளவைக் கவனித்தால் போதும். இயல்பு அளவு 16 யூனிட்டுக்கு ஒரு புள்ளி. 512-க்கு 256 சுவருக்கு அது சுமார் 512 புள்ளி. நிழல் கூர்மையாக வேண்டும் என்று 4 ஆக்கினால் சுமார் 8,192, அதாவது 16 மடங்கு. நிழலே விழாத கூரைக்கு 64 தாராளம். நிழல் போடும் அசையும் விளக்குகள் வேறு கதை: எல்லாத் திசையிலும் ஒளிரும் ஒரு விளக்கின் நிழலுக்குக் காட்சியை ஆறு முகங்களுக்கு வரைய வேண்டும். கேமராவுக்குத் தெரியாத பொருளும் தெரியும் நிழலைப் போடலாம் என்பதால், முக்கியக் கேமராவுக்குச் செய்த மறைப்பு அங்கே செல்லாது. விளக்கின் வீச்சு சுவர் தாண்டி அடுத்த அறை வரை நீள்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். பெரும்பாலும் நீளும், பாதியாகக் குறைத்தாலும் காட்சியில் ஒன்றும் மாறாது.

புதிய எஞ்சின்களில் பெயர்கள் மாறுகின்றன, சுவரின் வேலை மாறவில்லை. யூனிட்டி எஞ்சினில் மறைப்பை பேக் செய்யும்போது (முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கும்போது) மிகச்சிறிய மறைப்பான் 5, மிகச்சிறிய ஓட்டை 0.25 என்பவை இயல்பு மதிப்புகள். ஒல்லிச் சந்துகள் நிறைந்த மேப்பில் 5 என்பது பெரிது, பல சுவர்களைக் கணக்கிலேயே எடுக்காது. ஓட்டையின் அளவைப் பெரிதாக்கினாலோ, சுவரில் இருக்கும் உண்மையான துவாரம் அடைபட்டதாகி, அதன் வழியே தெரிய வேண்டிய பொருள் காணாமல் போகும். அன்ரியல் எஞ்சின், மறைந்ததா என்று கிராஃபிக்ஸ் அட்டையையே கேட்கிறது. பதில் ஒரு ஃபிரேம் தாமதமாக வரும். ஆட்டக்காரர் மூலையைத் தாண்டிச் சட்டென்று திரும்பினால் பொருள் ஒரு கணம் கழித்துத் தோன்றுவது இதனால்தான். அன்ரியலின் நானைட் என்ற அமைப்பு முக்கோணச் சுமையை வெகுவாகக் குறைக்கிறது; அடுக்கடுக்கான இலைகளின் பிக்சல் செலவையோ கனமான ஷேடரையோ அது தீர்ப்பதில்லை.

சோதிப்பதற்கு மேப் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. டெக்ஸ்சர் இல்லாத சாம்பல் நிறப் பெட்டிகளாக இருக்கும்போதே கம்பைல் செய்து, சோதனைக் கட்டளைகளை அனுமதிக்கும் சீட் நிலையை இயக்கி, சோர்ஸின் மேட்_வயர்ஃப்ரேம் 1 கட்டளையைக் கொடுத்து நடந்து பாருங்கள். சுவருக்கு அப்பால் வரையப்படுவதெல்லாம் கம்பி வடிவில் தெரிந்துவிடும். மேட்_லீஃப்விஸ் 1 நிற்கும் லீஃபின் எல்லையைக் காட்டும். சந்தேகமான இடத்தில் ஆர்_லாக்பிவிஎஸ் 1 கொடுத்தால் பட்டியல் அப்படியே உறைந்துவிடும். அந்த இடத்தை விட்டு வெளியே வந்து பார்த்தால் எந்த அறைகள் தேவையில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பது தெளிவாகத் தெரியும். அன்ரியலில் ஃப்ரீஸ்ரெண்டரிங் கட்டளைக்கும் இதே வேலைதான். நாள்தோறும் செய்யும் சோதனைக்கு விவிஸ்ஸை விரைவு நிலையில் ஓட்டலாம். அது பார்வையைத் தாராளமாக மதிப்பிடுவதால் அதில் எடுக்கும் ஃபிரேம் அளவுகளை நம்ப முடியாது. அளப்பதற்கும் வெளியிடுவதற்கும் முழுக் கம்பைல்தான். அளக்கும்போது காலி மேப்பில் அளக்காமல், ஆட்டக்காரர் எண்ணிக்கைக்கு ஈடாக பாட்களை (கணினியே ஆட்டும் ஆட்டக்காரர்களை) நிரப்பி, சண்டை மூளும் இடத்தில் நின்று அளங்கள்.

மறைப்பே இல்லாத பெருவெளி மேப்புக்கு இந்தக் கருவிகள் அதிகம் உதவாது. அங்கே ஹின்ட்டைக் குவிப்பது கம்பைல் நேரத்தை வளர்ப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாது; பதிலாக அந்த வெளி முழுவதையும் ஒரு ஃபங்க்-விஸ்கிளஸ்டருக்குள் அடைத்தால், உள்ளிருக்கும் லீஃப்கள் ஒன்றையொன்று பார்ப்பதாகவே எடுத்துக்கொண்டு விவிஸ் விரைவில் முடித்துவிடும். செலவைக் குறைக்க மிஞ்சுவது தூரம்: மூடுபனியும், அது முழுதாக அடர்ந்த இடத்துக்குச் சற்றே அப்பால், அதைத் தாண்டி எதையும் வரையாத தொலை வெட்டுத்தளமும், தொலைவுக்கேற்ற எளிய மாடல்களும். கிட்டப்போகவே முடியாத மலைகளையும் கட்டட வரிசையையும் சோர்ஸில் 1/16 அளவில் 3டி வானப் பெட்டிக்குள் தனியாகக் கட்டலாம். அந்தப் பெட்டி வானம் தெரியும் இடங்களில் மட்டுமே வரையப்படும், ஆகவே உள்ளறைகளில் அதற்குச் செலவில்லை.